கெட்டிமேளத்துக்கு நடுவே

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் சீதாலெட்சுமி.

தங்கை மலர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "ஒன்னும் இல்ல லா, அக்கா. அப்புறம் சொல்றேன்."

யாரோ மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்ல, கிள்ளான் கோயில் மண்டபமே சிரித்துக்கொண்டிருந்தது. சீதாலெட்சுமியும் சிரித்து வைத்தாள்.

நல்ல காது, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அவள் காதுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் போய்ப் பத்து வருடமாகிறது. காதுக்கருவியோ தவில், மின்விசிறி, பிள்ளைகளின் கூச்சல், ஐயரின் மந்திரம் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி வந்து கொட்டும்.

பிறர் சொல்லும் அந்த 'அப்புறம்' ஒருநாளும் வந்ததில்லை.

மகள் தாமரை மட்டும்தான் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொல்வாள். பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விட்டுவிட மாட்டாள்.

இன்று கல்யாணம் முடிந்து அவள் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகிறாள். இனி யார் சொல்வார்கள்?

மாப்பிள்ளை தனேஷ் நல்ல பையன்தான். பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் முதன்முதலில் சந்தித்த அன்று, தாமரை அம்மாவிடம் பேசப் பேச, அவன் சாப்பாட்டை மறந்து அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். சீதாலெட்சுமி பார்க்காததுபோல் ரசத்தில் கவனமானாள்.

ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம்!

சீதாலெட்சுமி கருவியை அணைத்தாள். 'முருகா, என் பிள்ளை நல்லா இருக்கணும்.' இத்தனை சத்தத்திலும் அவனுக்கு அது கேட்கும் என்று அவளுக்கு நம்பிக்கை.

அட்சதை பறந்தது. மண்டபத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. எல்லாரும் அவளைப்போலவே ஆகிவிட்டார்கள்.

மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்த தனேஷ், நேராக அவளைப் பார்த்தான். வாயை நன்றாகத் திறந்து, நிதானமாக, தாமரையைப் போலவே உதடுகளை அசைத்தான்.

'அத்தை, ரொம்பப் பசிக்குது. எனக்கு ரெண்டு வடை எடுத்து வைங்க.'

சீதாலெட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவன் எதைக் கற்றுக்கொண்டிருந்தான் என்பது இப்போதுதான் புரிந்தது.

மேளம் ஓய்ந்தது. மலருக்குப் பொறுக்கவில்லை. முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "எதுக்குக்கா சிரிக்கிற? மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"ஒன்னும் இல்லடி. அப்புறம் சொல்றேன்."

சீதாலெட்சுமி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தி நடக்கும் பக்கம் விரைந்தாள்.