அப்டேட் கழித்த அரை மணித்தியாலம்

"போன மாசம் பொருந்தாது எண்டு சொன்ன அதே கொம்பியூட்டர், இந்த மாசம் பொருந்தும் எண்டு சொல்லுதோ? என்ன, அதுவும் ஆளுக்கேற்ற மாதிரி வாக்கு மாத்துமோ?"

அனுஜனின் அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. சாத்திரியார் சவுந்தரநாயகம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளவத்தையில் நாற்பது வருடமாகச் சாதகம் பார்க்கிற மனுசன், தானாக ஃபோன் பண்ணி ஆட்களைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

எதிரே ரதி கதிரை நுனியில் இருந்தாள். அவளுடைய மகள் சாம்பவியும் அனுஜனும் நாலு வருடமாக விரும்புகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் போன மாதம் இதே அறையில் "பொம்பிளைக்கு எட்டிலை செவ்வாய், மாப்பிளையின்ர உயிருக்கு ஆகாது" என்று சாத்திரியார் சொன்னார். "எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை" என்று அனுஜனின் அம்மா எழும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து சாம்பவி ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"பிழை என்னிலைதான், தங்கச்சி" என்றார் சாத்திரியார். "இந்தக் கொம்பியூட்டரிலை ஓடுறது லினக்ஸ் எண்ட இலவச சிஸ்டம். போன கிழமை அப்டேட் ஒண்டு வந்தது. போட்டாப் பிறகு ஒரு சாமானும் வைச்ச இடத்திலை இல்லை. தேடிக் களைச்சுப்போய், கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளையெண்டு உங்கட மகனைத்தான் வரச் சொன்னனான். தம்பி சரிப்படுத்தினாப் பிறகு பிள்ளையளின்ர சாதகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தன், கணக்கு மாறி வந்தது."

"அப்ப இவன்தான் ஏதோ கை வைச்சிருக்கிறான்."

"அம்மா, இது உலகம் முழுக்கப் போன அப்டேட்" என்றான் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்ற அனுஜன். "என்ர கலியாணத்துக்காக உலகத்தையே மாத்த ஏலுமெண்டால், நான் ஏன் நூறாம் நம்பர் பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு வேலைக்குப் போறன்?"

அவன் திரையில் மாற்றங்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். பிரிண்டர் இனி மக்கர் பண்ணாது. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். பற்றரி கூடிய நேரம் நிற்கும். அம்மா கொட்டாவி விட்டார்.

"இதைக் கேளுங்கோ. பழைய திகதியளைக் கணக்குப் பார்க்கேக்கை, அந்த ஊர் மணிக்கூடு அண்டைக்கு எப்பிடி ஓடினதோ, இனி அந்த நேரத்தைத்தான் எடுக்குமாம்."

"அதுக்கும் செவ்வாய்க்கும் என்ன?"

"அங்கைதான் விசயமே இருக்கு" என்று சாத்திரியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொண்ணூற்றாறிலை கரண்ட் தட்டுப்பாடு வந்து, அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது ஞாபகமிருக்கோ? பிறகு பத்து வருஷம் கிட்ட, அரை மணித்தியாலம் முன்னுக்குத்தான் ஓடினது. சாம்பவி பிறந்தது தொண்ணூற்றெட்டு. கையாலை கணிச்ச காலத்திலை அந்த அரை மணித்தியாலத்தைக் கழிச்சுப்போட்டுத்தான் நான் கணிப்பன். கொம்பியூட்டர் தானாக் கழிக்கும் எண்டு நம்பி இருந்திட்டன். கண்டறியாத மெசின், கழிக்கேல்லை. இப்பதான் கழிக்குது. லக்கினம் ஒரு வீடு பின்னுக்குப் போச்சு. செவ்வாய் எட்டிலை இல்லை, ஒன்பதிலை. தோஷமே இல்லை."

"இவன்ர சாதகம்?"

"தம்பி தொண்ணூற்றைஞ்சு. அவருக்கு ஒரு மாற்றமும் இல்லை."

அம்மா அதற்கும் மசியவில்லை. ரதியின் பக்கம் திரும்பினார். "பிறந்த நேரம் சரிதானே?"

"நேரம் சரி, அக்கா. மருத்துவிச்சி சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதித் தந்தவ."

சாத்திரியார் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை எடுத்து நீட்டினார். அம்மா திகதியைப் பார்த்தார். பிறந்த இடம் கொழும்பு என்று போட்டிருந்ததையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கும் சாம்பவியின்ர அப்பாவுக்கும் சாதகம் பார்த்தவையோ?"

"ஓம் அக்கா. பத்துப் பொருத்தமும் இருந்தது. அவர் மூண்டு வருஷம்தான் இருந்தார்."

அம்மா பத்திரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, ரதியின் கையைப் பிடித்தார்.

"அண்டைக்கு நான் கொஞ்சம் கூடுதலாக் கதைச்சிட்டன். மனசிலை வைச்சிருக்காதேங்கோ. ஐயா, தையிலை ஒரு நல்ல நாள் பாருங்கோ. டேய், என்ன முழிச்சுக்கொண்டு நிக்கிறாய்? இனி அன்ரி இல்லை, மாமி எண்டு கூப்பிடு."

"மாமி" என்றான் அனுஜன். ரதிக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"தம்பி, உந்த அப்டேட்டை எழுதினவை ஆர்?" என்று ரதி கேட்டாள்.

"பேர் ஊர் தெரியாது, மாமி. உலகத்திலை அங்கங்கை இருக்கிற ஆக்கள். கனபேர் சம்பளமில்லாமல் செய்யினம்."

"அவையின்ர பிள்ளை குட்டியள் நல்லாயிருக்கோணும்" என்றாள் ரதி. அவள் அதை மனசாரச் சொன்னாள்.

அன்று பின்னேரம் அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். சம்பந்தியம்மாவின் நல்ல மனசுக்கு ஒரு தேங்காய், சாத்திரியாருக்கு ஒன்று, முகம் தெரியாத அந்த லினக்ஸ்காரர்களுக்கு ஒன்று என்று மூன்று தேங்காய் உடைத்தாள். பிறகு கை கூப்பி, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"பிள்ளையாரப்பா, இது உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும். பழைய கணக்குத்தான் சரி. கொழும்பு எண்டது, சண்டை நேரம் செக் பொயின்றுக்குப் பயந்து பத்திரத்திலை போட்டது. என்ர பிள்ளை பிறந்தது வன்னியிலை, மல்லாவியிலை. அது இயக்கத்தின்ர இடம், அங்கை அந்தப் பத்து வருஷமும் ஒருத்தரும் அரசாங்கம் சொன்னதெண்டு மணிக்கூட்டைத் தள்ளவேயில்லை."