பற்றிக் ஐயாவின் நேர்த்தி

“பாருங்க, புதுசாத் துளிர்த்திருக்கு. இந்த வருஷம் கட்டாயம் பூக்கும்,” என்றாள் செசீலியா, அப்பிள் மரத்தின் அடியில் தண்ணீரை ஊற்றியபடி.

ஹெக்டர் மரத்தைப் பார்க்கவில்லை. வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது.

அன்று அவளுடைய அப்பா பற்றிக் ஐயா இறந்து முப்பத்தோராம் நாள். பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மலைநாட்டுப் பண்டாரவளையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த அப்பாவின் ரயில்வேக் கூட்டாளி மத்தேயு மட்டும் விறாந்தையில் கண்ணயர்ந்திருந்தார்.

ஹெக்டர் வீட்டார் பெண் கேட்டு வந்த மாதம்தான் பற்றிக் ஐயா மலைநாட்டுக்குப் போய் அந்தக் கன்றைக் கொண்டுவந்தார். அதன் முதல் பழத்தை அந்தோனியாருக்குக் கொடுத்த பிறகுதான் மகளுக்குக் கலியாணம் என்று கோயிலில் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டார். நத்தார்ப் பண்டிகைக்குக் கப்பலில் வரும் அப்பிளைத் தவிர வேறெதையும் கண்டிராத கல்லடி ஊர் வாயைப் பிளந்தது.

“கலியாணமெண்டா வீடு மகளுக்கு. நான் பின்வளவில ஒரு குடில் போட்டுக்கொண்டு கிடப்பன். அதுதானே நம்மட வழக்கம்,” என்று காண்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சாணமும் சாம்பலும் தன் கையாலேயே போடுவார். இப்படியும் ஒரு தகப்பனா என்று ஊரே மெச்சியது.

மரம் கூரையை எட்டியது. மருந்துக்கும் ஒரு பூ இல்லை. செசீலியாவோடு படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது அவள் படிப்பிக்கும் வகுப்பில் இருக்கிறார்கள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

“ஐயாவும் மோசம் போயிற்றார். இனியும் என்ன நேர்த்தி? கோயில் சாமியாரிட்டக் கேட்டா மாத்தித் தருவார்,” என்றான் ஹெக்டர்.

“அப்பா இருக்கக்குள்ளயே மாத்தியிருக்கலாம். அவர்தான் மாட்டெண்டவர். செத்தவர்ர நேர்த்திய நான் எப்படி முறிக்கிற? அவர்ர ஆத்துமாக்கு நிம்மதி வேணாமா?”

“அம்மா பனிச்சங்கேணியில பொண் பாத்திருக்கா. இண்டைக்கு நான் பதில் சொல்லவேணும்.”

செசீலியா வாளியைக் கீழே வைத்தாள்.

“ஓமெண்டு சொல்லுங்க.”

 அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போய்விட்டான். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு மத்தேயு எழும்பி வந்தார். “என்ன புள்ள, அப்பாவ நினைச்சா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நேர்த்தி என்றதும் கிழவரின் முகம் மாறியது.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லியே,” என்று முணுமுணுத்தார். “இத நான்தான் குடுத்தனான். கூதல் குளிர் இல்லாத ஊரில இது ஒரு நாளும் காய்க்காது, புள்ள.”

செசீலியா கண்ணைத் துடைத்தாள். “பாவம் அப்பா. அது தெரியாமத்தானே இவ்வளவு பாடும் பட்டார்.”

மத்தேயு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“காய்க்காத மரமாத் தா எண்டுதானே, புள்ள, கேட்டவர்.”