திறந்து மூடும் மோதிரம்

"என்னது, மோதிரத்துக்குக் கதவா? இதென்ன கூத்து!"

மாப்பிள்ளையின் அக்கா போட்ட சத்தத்தில், நகை செய்யும் பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்.

"கதவு இல்லைங்க அண்ணி. சில வளையல் பாதியாத் திறந்து மூடுமில்ல, அதே மாதிரி மோதிரம். எனக்கு அப்படித்தான் வேணும். ஜோடி மோதிரமாச்சே, அதனால இவருக்கும் அதேதான்" என்றாள் பெண். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பேசும்போதும் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று வாரத்தில் நிச்சயதார்த்தம். கடையில் தட்டுத் தட்டாக மோதிரம் கிடக்க, தாங்களே வரைந்து செய்துகொள்ள வேண்டும் என்று இந்த இரண்டு பேருக்கும் ஒரு பைத்தியம். நாலு மாசமாக பஸ் டிக்கெட், டிஷ்யூ பேப்பர், அவன் வேலை பார்க்கும் லைப்ரரியின் சீட்டு என்று கிடைத்ததிலெல்லாம் மோதிரம் வரைந்தார்கள். கடைசியில் ஓர் அலைக்கோடு பிடித்துப்போனது. மழைக்கு ஒதுங்கிய பாலத்தடியில்தான் அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது. அன்றைக்குக் காலடியில் ஓடிய தண்ணீர்தான் அந்தக் கோடு. மோதிரத்தைச் சுற்றி எங்கேயும் அறுபடாமல் ஓடும். எது ஆரம்பம், எது முடிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அதை அவள் சொல்லச் சொல்ல, அவன் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பான். இப்போதும் ஜன்னல் வெயிலில் தங்கத்தூள் மினுங்க, நெற்றியில் விழுந்த முடியை ஊதித் தள்ளிவிட்டு அவள் வரைவதைப் பார்த்தபடி எங்கேயோ மிதந்துகொண்டிருந்தான். ஒரு கை மட்டும் பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

அவனுக்கு அவள் வைத்த பெயர் 'பத்து மணி'. எங்கே கூப்பிட்டாலும் பத்துக்கு முன்னால் வரமாட்டான். "தூங்குமூஞ்சி" என்று சிரிப்பாள். அவனும் சிரித்துவைப்பான்.

விஷயம் தூக்கம் இல்லை. காலையில் எழுந்தால் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும். சட்டைப் பித்தான்கூடப் போட வராது. பத்து மணிக்குத்தான் கை வழிக்கு வரும். "மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டா நல்லாவே இருக்கலாம்" என்றிருந்தார் டாக்டர். அக்காதான் அவன் வாயைக் கட்டிப்போட்டாள். "கல்யாணம் முடியட்டும்டா. இப்பவே சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்காதே."

இன்றைக்கு, "ஒன்பது மணிக்கு வந்தா உண்டு, அப்புறம் நான் வெளியூர்" என்று பத்தர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவே பித்தான் போட்டுவிட்டுத் தம்பியை அழைத்து வந்திருந்தாள்.

"திறக்கிற மாதிரி செஞ்சா அந்தக் கோடு ரெண்டு இடத்துல அறுந்துடுமேம்மா" என்றார் பத்தர்.

"தெரியும் ஐயா. பரவாயில்லை, வெட்டுங்க."

அக்கா தம்பியை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "பாத்தியா? அறுபடாத கோடு, அறுபடாத கோடுன்னு காது புளிக்கச் சொன்னவ, இப்ப வெட்டுங்கறா. போடறதுக்கு முன்னாடியே கழட்ட வழி பண்றாடா! மனசுல என்னத்தையோ வச்சுக்கிட்டு நடிக்கிறா."

அவன் மிதந்த மிதப்பெல்லாம் பொசுக்கென்று இறங்கியது. தெரிந்துவிட்டதா? போகத்தான் வழி பார்க்கிறாளா?

"மனசுல வச்சுக்கிட்டு நடிக்கிறது நாமதானே, அக்கா?"

"உஷ்! வாயை மூடு."

உள்ளே வந்தார்கள். சாவிக்கொத்து மாதிரி வளையங்கள் கோத்த அளவுக் கொத்தோடு பத்தர் காத்திருந்தார். "மாப்பிள்ளை, விரலை நீட்டுங்க."

அவன் கையை வெளியே எடுத்தான். மூட்டு பருத்துச் சிவந்திருந்தது. எந்த வளையமும் அதைத் தாண்டாது.

"உங்கிட்ட மறைச்சுட்டேன்" என்றான் அவளிடம். "இது போகிற வியாதி இல்லை. வேண்டாம்னு தோணினா இப்பவே சொல்லிடு. தப்பா நினைக்க மாட்டேன்."

அவள் பென்சிலை வைத்துவிட்டு அந்தக் கையைப் பூப்போல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா இருக்கே. வெந்நீர்ல வச்சீங்களா?"

"உனக்குத் தெரியுமா?" என்றான் அவன்.

"மூணு மாசமாத் தெரியும். ஒருநாள் காலையில லைப்ரரிப் பூட்டைத் திறக்க முடியாம ரெண்டு கையாலயும் போராடிட்டு இருந்தீங்க. எதிர் பஸ் ஸ்டாப்ல நான். ஓடி வந்தா வெட்கப்படுவீங்கன்னு அங்கேயே நின்னுட்டேன். அழுகையா வந்துச்சு. மறுநாள்தான் 'பத்து மணி'ன்னு பேர் வச்சேன். அப்படி ஒரு பேர் இருந்தா, யாரும் உங்களைக் காலையில வரச் சொல்ல மாட்டாங்கல்ல?"

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"நீங்களா சொல்ற வரைக்கும் காத்திருக்கலாம்னுதான்."

அக்காவுக்கு யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியவில்லை. மேஜையில் கிடந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

"மூட்டு வீங்கினாலும் போடத் தம்பிக்குத் திறக்கிற மோதிரம். அது சரிம்மா. உனக்குத்தான் வெண்டைக்காய் மாதிரி விரலாச்சே. ஆசை ஆசையா வரைஞ்ச கோட்டை உன் மோதிரத்திலயும் எதுக்கு வெட்டணும்?"

"இவரோடது மட்டும் திறந்தா, ஏன்னு நாலு பேர் இவரைக் கேப்பாங்க அண்ணி. ரெண்டும் திறந்தா, டிராயிங் டீச்சருக்குக் கிறுக்குன்னு என்னைத்தானே சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டுமே!"