உப்பு எப்பிடி?

"அந்தக் கடைக்காரி உமக்கு எவ்வளவு கொமிசன் தாறவ?"

டிக்கற் கவுண்டரின் கம்பிக்கு வெளியே நின்ற கனகசுந்தரம் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் கேள்வியில் முள் இருந்தது. மூதூரில் படிப்பிக்கும் மகளைப் பார்க்க, மனைவி பாக்கியரத்தினத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வெளியூரில் வலிய வந்து வழி சொல்லுகிறவனை நம்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

உள்ளே இருந்த குலசிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வந்து எட்டு வருசமாகிறது.

"ஒரு சதமும் இல்லை ஐயா," என்று மூதூருக்குக் கடல் கடக்கும் லோஞ்சுக்கு இரண்டு டிக்கற்றைக் கிழித்துக் கொடுத்தார். "லோஞ்சு ரெண்டரைக்குத்தான். வெறுவயித்தோடை ஏறினால் தலை சுத்தும். சந்தைக்குப் பின்னாலை நீலக் கதவு போட்ட வீடு. பேர்ப்பலகை இராது. கமலேஸ்வரி கடை எண்டால் ஆரும் காட்டுவினம்."

"ஏன், உந்தா எதிரிலையே ஒரு ஹோட்டல் இருக்கே?"

"இருக்கு. அங்கை வயிறு நிரம்பும். அவவின்ரை கடையிலை சாப்பிடலாம். அறக்குளா மீன் குழம்பு இருக்கும். தேங்காய்ப்பால் சொதியைக் கடைசிச் சோத்துக்கு வையுங்கோ. அதுக்குள்ளை மாங்காய்த் துண்டு ஒண்டு போடுறவ."

"நீர் ஒவ்வொரு நாளும் அங்கைதான் போல கிடக்கு."

"இல்லை. எனக்கு அங்கை ஏலாது."

மேசையில் கடதாசியில் சுற்றிய கால் றாத்தல் பாண் ரொட்டி கிடந்தது. அதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாடு. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். பாக்கியரத்தினம் பாணையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"ஒண்டு மட்டும் செய்யுங்கோ," என்றார் குலசிங்கம். "சாப்பிட்டுட்டு வந்து, உப்பு எப்பிடி எண்டு சொல்லிப்போட்டு லோஞ்சிலை ஏறுங்கோ."

இது படகு ஜெட்டியில் எல்லோருக்கும் பழகிப்போன கூத்து. குலசிங்கம் முன்பு கடற்படை டொக்யாட்டில் களஞ்சியக் கிளாக்கர். வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய வருசம் வேலை போயிற்று. வேலையோடு வேறு சிலதும் போயிற்று. அதற்குப் பிறகு இந்தக் கவுண்டர்தான். லோஞ்சு வரும், போகும். நல்லது கெட்டது எதுவும் அவர்மேல் ஒட்டுவதில்லை. வெளியூர்க்காரர் பசியோடு வந்தால் நீலக் கதவுக்கு அனுப்பிவிட்டு அடுத்த டிக்கற்றைக் கிழிப்பார்.

திரும்பி வருகிறவர்களிடம் அந்த ஒரு கேள்விதான். அளவாய் இருந்தது என்பார்கள். கொழும்புக்காரர் சொன்னார்கள், மட்டக்களப்பார் சொன்னார்கள். வாயைத் திறந்தாலே குறை சொல்லும் ஒரு தபாற்கந்தோர் இன்ஸ்பெக்டர்கூட அதைத்தான் சொன்னார். ஒரே ஒருவர், ஒரே ஒரு நாள், 'கூடிப்போச்சு' என்று சொல்லிவிட்டால் போதும், குலசிங்கம் நிம்மதியாக நித்திரை கொள்வார். எட்டு வருசமாக ஒருவரும் சொல்லவில்லை.

இரண்டு மணி தாண்டித்தான் இருவரும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள். கனகசுந்தரத்தின் முகத்தில் இப்போது முள் இல்லை, ஏப்பம் இருந்தது.

"குறை நினையாதையுங்கோ அண்ணை. காலமை கண்டபடி கதைச்சுப்போட்டன்."

"உப்பு?"

"அளவெண்டால் அப்பிடி ஒரு அளவு."

குலசிங்கம் தலையாட்டினார். எதிர்பார்த்ததுதான். பாணைச் சுற்றியிருந்த கடதாசியைப் பிரிக்கத் தொடங்கினார்.

"பொறுங்கோ அண்ணை," என்று பாக்கியரத்தினம் பையிலிருந்து ஒரு வாழையிலைப் பார்சலை எடுத்துக் கம்பிக்குக் கீழால் தள்ளினாள். "இது உங்களுக்கு. நீங்கள் உப்புக் கேட்ட கதையை அந்தக் கடைக்காரம்மாவிட்டைச் சொன்னன். வாறவை எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம் எண்டு முகத்தைத் திருப்பிப்போட்டா. பாவம், எங்களை அனுப்பிப்போட்டு அந்த மனுசன் வெறும் பாண் தின்னுறார் எண்டு சொன்னன். கரண்டியும் கையுமா அப்பிடியே நிண்டா. பிறகு உள்ளை போய்த் திரும்பவும் அடுப்பை மூட்டினா. அதாலைதான் எங்களுக்குச் சுணங்கினது."

குலசிங்கம் இலையைப் பிரித்தார். சோறு, அறக்குளாக் குழம்பு, ஒரு சின்னப் போத்தலில் மாங்காய்த் துண்டோடு சொதி. ஓரத்தில், நாலாய் மடித்த ஒரு கடதாசி. அதற்குள் ஒரு தேக்கரண்டி அளவு உப்பு.

"அதுதான் எங்களுக்கும் விளங்கேல்லை," என்றாள் பாக்கியரத்தினம். "உங்களுக்கெண்டு வேறையாச் சமைச்சவ. ஒண்டுக்கும் உப்புப் போடேல்லையாம். எவ்வளவு வேணுமோ, அவரே போட்டுக்கொள்ளட்டும் எண்டு சொல்லச் சொன்னவ."

குலசிங்கம் உப்பைத் தொடவில்லை. ஒரு பிடி சோற்றைக் குழைத்து வாயில் வைத்தார். பிறகு இன்னொரு பிடி. மரத்துப்போன காலில் இரத்தம் ஓடத் தொடங்கும்போது குத்துமே, அப்படி அவருக்கு நெஞ்சுக்குள் குத்தியது. நன்றாக நொந்தது. உப்புக் கடதாசியைத் திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

லோஞ்சு ஊதியது. கனகசுந்தரம் நகரவில்லை.

"உப்பில்லாமல் எப்பிடி அண்ணை சாப்பிடுறியள்? ஆர் அவ உங்களுக்கு?"

குலசிங்கம் அடுத்த பிடியை உருட்டினார்.

"உப்புக் கூடிப்போச்செண்டுதான் ஐயா, என்ரை மனுசியை நான் வீட்டை விட்டுத் துரத்தினனான்."