மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர்

"கேமிங் கம்ப்யூட்டர்ங்கிறீங்க, மானிட்டர் வேண்டாமா மேடம்?" கடைக்காரர் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டார்.

"பட்ஜெட் இடிக்குதுண்ணே. அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போனா குடுங்க. கலர் லைட்டும் வேண்டாம்."

"சரி, பார்ட்ஸையெல்லாம் மாட்டியே அனுப்பிடறேன்."

"தனித்தனியாவே அனுப்புங்க. என் முதல் கம்ப்யூட்டர், நானேதான் மாட்டணும்."

அனுப்பினார். ரெண்டே நாளில் புலம்பிக்கொண்டு கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். நாலு நாளாகியும் போன் வரவில்லை. மனசு கேட்காமல், கடையில் சும்மா கிடந்த பழைய மானிட்டரைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார்.

"கடையிலேருந்து வர்றேன் மேடம்."

"வாங்கண்ணே, ஆட்டம் முடியப் போகுது," என்றாள், ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி.

மேசைமேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஒயர்கூடப் பிசகவில்லை. அவர் கடைப் பையன்களே இவ்வளவு சுத்தமாக மாட்டமாட்டார்கள். மானிட்டரைச் சொருகினார். திரையில் குத்துச்சண்டை, எதிராளி மல்லாந்து கிடந்தான்.

"ஜெயிச்சுட்டீங்க மேடம்."

"தெரியும்ணே. வலப்பக்கமா விழுந்த சத்தம் கேட்டுச்சு."

சுவரோரம் சாய்த்திருந்த வெள்ளைக்கோலைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தவள், அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடலாமா? நீங்க வேணும்னா பாத்துக்கிட்டே ஆடுங்க."