கசிவு

"மறுபடியும் ஒழுகியிருக்கு, மாஸ்டர்பாபு." வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் ஜமிருலின் குரல் வந்தது.

நிருபம் சான்யால் குனிந்து பார்த்தார். அது கியர் தானாக மாறும் பழைய கார். வாசல் சிமெண்டுத் தரையில் அதன் கியர் ஆயில் சிவப்பாகத் தேங்கியிருந்தது.

மனைவி சுதபாவுக்கு இன்று கொல்கத்தாவில் புற்றுநோய் மருந்து ஏற்றும் நாள். போன முறை கியர் விழாமல் வண்டி உறுமிக்கொண்டே நின்றது. அதற்கு முந்தைய முறை பாதி வழியில் தீய்ந்த வாடை வந்து, கிருஷ்ணநகர் வீட்டுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இந்தத் தடவையும் தவறினால் இதுவரை ஏற்றியதெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"முதல்ல சீல் போச்சுன்னே, மாத்தினேன். அப்புறம் பேக்கிங்னே, அதையும் மாத்தினேன். இன்னும் என்னய்யா மிச்சம்? வண்டியவே மாத்தணுமா?"

"மாத்தினீங்கன்னா என் முதுகு உங்களை வாழ்த்தும். ஒரு வாடகைக் கார் பிடிச்சிருக்கலாமில்ல?"

"சொல்லாமலா இருந்தேன்? யாரோ ஒருத்தன் வண்டியில வாந்தி எடுத்துக்கிட்டு வரமாட்டாளாம். நம்ம வண்டின்னாதான் வருவேன்னு ஒரே பிடிவாதம்." நிருபமின் குரல் திடீரென்று இளகியது. "இன்னைக்குத்தான் அவளுக்கு மனசு தெளிஞ்சிருக்கு, ஜமிருல். காலையில பார்க்கறேன், கொசுவலைக்கு வெளியே கால் நீட்டிக்கிட்டிருக்கு, பாதத்துல ஆல்தாச் சாயம்! கல்யாணத்தன்னைக்குப் பூசின மாதிரி சிவப்பா. நோவு வந்ததுலேருந்து கண்ணாடிகூடப் பார்க்காதவ! அவளுக்குப் பிழைக்கணும்னு ஆசை வந்திருக்கிற நாளாப் பார்த்து இந்தச் சனியன்..."

ஜமிருல் வெளியே ஊர்ந்து வந்தான்.

"சீலும் இல்ல, பேக்கிங்கும் இல்ல. முன்பக்கம் பம்பருக்குக் கீழே ஆயில் போற ரப்பர் குழாய் இருக்கில்ல, அதோட கிளிப்பை யாரோ கொறடு வெச்சுத் தளர்த்தியிருக்காங்க. குந்தி உட்கார்ந்தா கைக்கு எட்டுற இடம். தானா கழலாது."

நிருபம் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் ஹரிபதா! ஒரு கொய்யா மரத் தகராறுக்கு என் பெண்டாட்டி உசுரையா எடுக்கப் பார்க்கிறே? வெளியே வாடா!"

"யாரைக் கூப்பிடறீங்க? அவர் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாசமாச்சு." ஜமிருல் கையைத் துணியில் துடைத்தான். "விடுங்க. கிளிப்பை முறுக்கிட்டேன், ஆயிலும் ஊத்தியாச்சு. இனிமே தங்கமா ஓடும். போய் சுதபா பௌதியைக் கூட்டிட்டு வாங்க."

நிருபம் உள்ளே ஓடினார். சுதபா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எலும்பாகிவிட்ட பாதங்கள் இன்னமும் வலைக்கு வெளியேதான் இருந்தன. அவர் தரையில் உட்கார்ந்து, அந்தச் சிவப்பை ஆசையாகத் தொட்டார்.

காய்ந்திருக்க வேண்டிய ஆல்தா விரலில் வழுக்கியது.

"என்னங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "வண்டி சரியாயிடுச்சா?"

விரலை மூக்கருகே கொண்டுபோனார். கியர் ஆயில் வாடை.

வேட்டி நுனியால் அவள் பாதங்களை மெல்லத் துடைத்துவிட்டபடி சொன்னார்:

"இல்ல, சுதபா. இனிமே அதைச் சரிபண்ணவே முடியாதாம்."