பத்து மீட்டர் கேபிள்

கேபிள் படுக்கை அறையின் வாசலோடு நின்றுவிட்டது.

இழுத்துப் பார்த்தான். ஒரு விரற்கடைகூட வரவில்லை.

மேலே, படகின் சுக்கான் அறைத் திரையில் கடலில் போகிற கப்பல்கள் எல்லாம் தெரியும். ஏதாவது ஒன்று நெருங்கினால் திரை கத்தும். அந்தக் கத்தல் இதுவரை மேலேயே கேட்டு மேலேயே அடங்கியது. கீழே உறங்குகிறவர்களுக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான். இனிமேல் கீழேயும் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கேபிள். நுனியில் ஓர் ஒலிப்பெட்டி.

ஏன் வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஐந்து மாதத்துக்கு முன், விடிகிற நேரம், காவலுக்கு இருந்தவன் அவன். கண்ணயர்ந்துவிட்டான். ஒரு கப்பல் படகின் முன்பக்கத்தை இடித்துவிட்டு, நின்று பார்க்காமல் போனது. அவன் விழித்தபோது திரை கத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கத்தியதோ.

பதினோரு பேர் கரைக்கு வந்தார்கள். ரெஜின் வரவில்லை.

படகை ஓட்டும் ஸ்ராங்கு யேசுவடியானுக்கு அவன் ஒரே மகன்.

தூங்கிவிட்டதை இவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஊரோடு சேர்ந்து கப்பல்காரனைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ரெஜினுக்குப் பூசை வைத்த அன்று, கோயில் முற்றத்தில், ஸ்ராங்கின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான்.

ஸ்ராங்கு ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் அவனுக்கு ஓர் இரவாவது தூக்கம் வந்திருக்கும்.

படகைப் பழுது பார்த்துக் கடலில் இறக்கினார்கள். வயரிங் வேலைக்கு வரச் சொல்லி, சமையல்காரர் மிக்கேலடிமையை அனுப்பியிருந்தார் ஸ்ராங்கு. கடலுக்கும் வரலாமா என்று அவன் கேட்டான்.

"வயரிங்குக்குண்ணுதான் சொன்னாரு மக்கா. வேற ஒண்ணும் சொல்லல."

இன்று மாலை படகு புறப்படுகிறது. ஸ்ராங்கிடம் நேரில் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. துணிப்பையை எடுத்துவந்து ஐஸ் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான்.

சரி, வாசலிலேயே பெட்டியைத் திருகிவிடலாம் என்று இடம் பார்த்தான்.

பின்னால் ஸ்ராங்கு வந்து நின்றார். கையை நீட்டி உள்ளே காட்டினார்.

கடைசிப் படுக்கை. படகின் மூக்கை ஒட்டி, புதுப் பலகை அடித்த இடம். ரெஜின் படுத்திருந்த இடம்.

அவனிடம் மிச்சத் துண்டு ஒன்று இருந்தது. முறுக்கி ஒட்டு போட்டு, டேப் சுற்றினால் எட்டிவிடும். எடுத்துக் காட்டினான். ஸ்ராங்கு தலையை அசைத்தார். வேண்டாம். உப்புக்காற்றில் ஒட்டு எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்கும் தெரியும். காட்டியிருக்கவே கூடாது.

கடைக்கு நடந்தான். ஒரே நீளமாகப் பத்து மீட்டர்.

பழையதை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து இழுத்தான். எஞ்சின் சூடு தொடாமல், மீன் அறையின் ஈரம் தொடாமல், முழத்துக்கு ஒரு கிளிப். தன்னை நம்ப முடியாது என்பதைத் தானே படகு நெடுக அடித்துக்கொண்டு போவதாகத் தோன்றியது. அப்படி நினைத்தவர்கள் மேல் அவனுக்குக் கோபமும் இல்லை.

கடைசிப் படுக்கைக்கு மேலே பெட்டியைத் திருகினான். ஸ்ராங்கைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏறினான். சோதனைப் பொத்தானை அழுத்தினான்.

கீழே அலறியது.

ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. இந்தச் சத்தத்தை ஐந்து மாதமாக அவன் ஒருவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது எல்லோரும் கேட்டார்கள்.

போதும் என்று கீழேயிருந்து குரல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

தானே நிறுத்திவிட்டு இறங்கினான்.

ஸ்ராங்கு கடைசிப் படுக்கையில் நீட்டிப் படுத்திருந்தார். இத்தனை வருஷமும் அவருக்குப் படுக்கை பின்பக்கம், எஞ்சின் அருகே. இப்போது பாயும் தலையணையும் இங்கே இருந்தன. கண்கள் மூடியிருந்தன. இமையோரம் நனைந்திருந்தது.

"ரெண்டு மணிக்கு மேல காவலுக்கு நீதான் நிக்கணும்," என்றார், கண்ணைத் திறக்காமல். "நான் இங்கதான் ஒறங்குவேன்."

திருப்புளியை எடுத்தான்.

குனிந்து, அவர் தலைக்கு மேலிருந்த பெட்டியின் நான்கு திருகுகளையும் இன்னொரு தடவை இறுக்கினான். அவை ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன.